காய்ந்து கிடந்த லைன்

பாளையங்கோட்டையில் முப்பது வருசமாக நான் பைப் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்துபோன பிளம்பர்களை எண்ணிச் சொல்ல முடியாது. அவர்களில் பாதிப் பேரைத் திட்டி விரட்டியிருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வியாபாரிக்கு ஆகாத குணம் என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்ட என்னிடம் இருபது வருசம் ஒரு திட்டுக்கூட வாங்காமல் சாமான் எடுத்துப் போனவன் சிவசைலம் ஒருவன்தான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனை நல்லவன் என்று காட்டுவதற்காக இல்லை. நடந்தது நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்க வேண்டும் என்பதற்காக.

வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம். கக்கூசிலிருந்து வாசல் தொட்டி வரை பைப் பதித்து முடித்ததும் உடனே மண்ணை மூடமாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து மேல் முனையில் போட்டுவிட்டு, கீழ் முனைக்கு ஓடிப்போய்க் குத்தவைத்து உள்ளங்கையை ஏந்திக்கொண்டிருப்பான். குண்டு எங்கும் தங்காமல் உருண்டு வந்து கையில் விழ வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டதென்றால் அத்தனை பைப்பையும் பிடுங்கி, மறுபடி சரிவு வாட்டம் பார்த்துப் பதிப்பான். வீட்டுக்காரரே “போதும்ப்பா, மூடு” என்றாலும் கேட்கமாட்டான். “இன்னைக்குக் குண்டு நிக்குத எடத்துல நாளைக்கு வேற ஒண்ணு நிக்கும் சார்” என்பான். அவன் பேசுகிற நீளமான பேச்சே அதுதான்.

ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, பத்தொன்பது வயதில் இங்கே வந்து மோட்டார் பட்டறையில் எடுபிடியாக இருந்து, அங்கிருந்து குழாய் வேலைக்குத் தாவியவன். மனைவி முத்துராணி பீடி சுற்றுகிறாள். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். சமாதானபுரத்தில் வாடகை வீடு. குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டுச் சாக்கடையைப் பாதாளச் சாக்கடையில் சேர்க்க வேண்டுமென்றால், மாநகராட்சி ஆபீஸ் லிஸ்டில் பேர் உள்ள பிளம்பர்தான் படம் வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலையைச் செய்வது சைலம். கையெழுத்துப் போடுவது, வெயிலில் ஐந்து நிமிசம் நிற்காத வேறொருவர். வீட்டுக்காரர்கள் அவருக்கு உள்ளே நாற்காலி போடுவார்கள். சைலத்துக்கு டீ வாசலுக்கு வரும்.

இருபது வருசம் இதைப் பார்த்தவன், எப்படியாவது அந்த லிஸ்டில் தன் பேர் வந்துவிட வேண்டும் என்று தவமாய்க் கிடந்தான். ரெண்டு தடவை எழுதிப் போட்டு ரெண்டு தடவையும் பதில் இல்லை. மூன்றாவது தடவை எழுதிப் போட்டிருந்த சமயத்தில்தான் இந்தச் சங்கதி நடந்தது.

என் கடையிலிருந்து ஐந்து நிமிச நடையில் எட்வின் தெரு. இருபது வீடு இருக்கும்; பெரும்பாலும் வாத்தியார்கள், ஓய்வு பெற்ற குமாஸ்தாக்கள், கோயில் மணி அடித்தால் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற குடும்பங்கள். அந்தத் தெருவில் ரெண்டு வருசத்துக்கு முன்னால் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டிப் பைப் பதித்தார்கள். வாட்டம் பார்க்க காண்ட்ராக்டர் சைலத்தைத்தான் தினக்கூலிக்கு வைத்திருந்தார். குழி வெட்டியவர்களில் ஒருவன் பலவேசம், சீவலப்பேரிக்காரன். ஆள் உயரக் குழிக்குள் நின்றுகொண்டு மண்ணை மேலே வீசினால், வீசிய இடத்திலேயே குவியும், சிதறாது. வருசந்தோறும் மாலை போட்டுத் திருச்செந்தூருக்கு நடப்பான். மற்ற நாளிலும் சாராயத்தில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மத்தியானம் சைலமும் அவனும் என் கடை நிழலில்தான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார்கள். சைலம் கொண்டுவந்த குழம்பு பலவேசத்துக்கு, பலவேசம் கொண்டுவந்த மீன் சைலத்துக்கு. சைலம் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

பைப் பதித்தார்கள், ஆள் இறங்கும் தொட்டிகளைக் கட்டினார்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சின்னத் தொட்டி ஒன்று வைத்து மூடினார்கள். அதோடு சரி. தண்ணீரை இழுத்துத் தள்ள வேண்டிய பம்பிங் ஸ்டேஷன் முடியவில்லை. அதுவரை மண்ணும் குப்பையும் போய்விடக் கூடாது என்று, எட்வின் தெருவின் கீழ்க்கோடித் தொட்டியில், மேலிருந்து வருகிற பைப்பின் வாயைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்தார்கள். லைன் காய்ந்து கிடந்தது. யாரும் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று நோட்டீசும் ஒட்டினார்கள்.

அந்தத் தெருவில் தேவதாசன் சார் வீடு நடுவில் இருந்தது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கோயில் கமிட்டியில் இருப்பவர். மகள் ஃபெபிக்குத் தை மாசக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்தார். வீட்டின் பின்பக்கத்துச் செப்டிக் டேங்க் நிரம்பி, கக்கூசில் தண்ணீர் ஊற்றினால் திருப்பி எதுக்களித்தது. உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிட்டார்கள். பின்கட்டு வரைக்கும் குழாய் எட்டவில்லை. விருந்தாளிகள் நாற்பது பேர் வரப்போகிறார்கள். மனிதர் என் கடையில் வைத்துத்தான் சைலத்தைப் பிடித்தார்.

“வாசல்ல தொட்டி கெடக்கு, லைன் கெடக்கு. நாலு பைப்பப் போட்டுச் சேத்தா முடிஞ்சுபோச்சு. என்னத்துக்குப் பயப்படுதே?”

“லைன் ஓடல சார். இப்ப விட்டா போக வழியில்லாம அங்கனயே நிக்கும்.”

“நிக்கட்டுமே. ரெண்டு வாரந்தானே? கல்யாணம் முடிஞ்சதும் பழையபடி மாத்திரு.”

சைலம் தலையை ஆட்டி மாட்டேன் என்றான். அப்போது தேவதாசன் சார் குரலை இறக்கினார். “லிஸ்டுக்கு எழுதிப் போட்டிருக்கியாமே? அங்கன இருக்க இன்ஜினீயர் நம்மகிட்டப் படிச்ச பயதான். ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

சைலம் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? “வேண்டாம்லே, அது தப்பு” என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். எவனெவனையோ திட்டுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. எத்தனை அடி பைப் வேண்டும் என்று கேட்டேன்.

வேலையை எந்த நாளில் செய்வது என்பதைத் தேவதாசன் சாரே சொன்னார். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. அன்றைக்கு மத்தியானம் அசனம். கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிடும். வீட்டில் அடுப்பு எரியாது. எட்வின் தெருவில் நாய்கூட இருக்காது, அதுவும் எலும்புக்காகக் கோயில் மதிலோரம் போய்விடும். காலை ஆராதனை தொடங்கி அசனம் முடிவதற்குள் சைலம் ஒற்றை ஆளாய்க் கக்கூஸ் பைப்பைச் செப்டிக் டேங்கிலிருந்து வெட்டித் திருப்பி, காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் துளைத்து, வாசல் தொட்டியில் சேர்த்து, மண்ணை மூடி, மேலே பூந்தொட்டியையும் எடுத்து வைத்துவிட்டான். தேவதாசன் சார் அசனச் சோற்றை ஒரு தூக்குவாளியில் அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுத்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. பத்து நாள் கழித்துச் சைலம் பைப்பை மாற்றப் போனான். “இப்ப என்ன அவசரம்? நல்லாத்தானே போவுது” என்றார் சார். சைலம் இன்னொரு தடவை போனான். அப்போதும் அதே பதில். அப்புறம் போகவில்லை. லிஸ்ட் தயாராகிறது, அவன் பேர் இருக்கிறது என்று இதற்குள் சேதி வந்திருந்தது.

சித்திரை பிறந்து நாலைந்து நாள். காலை எட்டேகால் மணிக்குச் சைலம் என் கடையில் நின்று, பைப்பைத் திருப்புகிற எல்போ பொறுக்கிக்கொண்டிருந்தான். போன் வந்தது. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் செந்தில்முருகன். அந்தக் குரல் கல்லாவில் இருந்த எனக்கே கேட்டது.

“சைலம், எட்வின் தெரு லைன் காஞ்சுதான கெடக்கு? எவனும் கனெக்‌ஷன் குடுக்கலையே?”

மறுநாள் லிஸ்டை ஒட்டப் போகிறார்கள்.

“ஆமா சார். காஞ்சுதான் கெடக்கு.”

போனை வைத்துவிட்டு எல்போவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “எதுக்குக் கேட்டாவன்னு தெரியலையே அண்ணாச்சி” என்றான்.

“சும்மா ரிப்போர்ட் எழுதக் கேப்பான்லே. நீ எல்போவ எடு” என்றேன். பொய் என்று தெரிந்தும் சொன்னேன். எனக்கும் அந்தப் பொய்தான் வசதியாக இருந்தது.

கால் மணி நேரம் ஆகியும் மனசு ஆறாமல் அவன் சூப்பர்வைசரைத் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. எல்போவைக் கல்லாமேல் போட்டுவிட்டு ஓடினான். வண்டி வாசலில் நிற்கிறது, அதைக்கூட எடுக்காமல் ஓடினான். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

கீழ்க்கோடித் தொட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பம்பிங் ஸ்டேஷன் முடிந்துவிட்டது. லைனை ஓட விடுவதற்கு முன்னால் அந்தச் செங்கல் அடைப்பை உடைக்க ஆள் இறக்கியிருக்கிறார்கள். கீழே பார்க்கும்போது தொட்டி சுத்தமாய்க் காய்ந்துதான் இருந்திருக்கிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் மூன்று மாசக் கழிவு புளித்துத் தேங்கி நிற்பது யாருக்குத் தெரியும்? நாலு செங்கலைப் பெயர்த்ததும் அந்த வாயு மொத்தமும் இறங்கியவன் முகத்தில் அடித்திருக்கிறது. சத்தம்கூட வரவில்லையாம். முகமூடி கிடையாது, இடுப்பில் கயிறு கிடையாது. காய்ந்த லைனுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டிருக்கிறார்கள்.

சைலம் குனிந்து பார்த்தான். கீழே கிடந்தவன் பலவேசம்.

உள்ளே குதிக்கப் போனவனின் இடுப்பை நான்தான் கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தான். தழும்பு இருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கியபோது பலவேசத்தின் கழுத்துத் துண்டு அப்படியே கிடந்தது, உடம்பெல்லாம் கறுப்புச் சேறு.

அன்று மத்தியானத்துக்குள் கதை மாறிவிட்டது. காண்ட்ராக்டர் ஆட்கள் தொட்டிக்குள் சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் கொட்டி மூடினார்கள். உள்ளே நின்றது மழைத் தண்ணீர், பலவேசம் குடித்திருந்தான், யாரும் சொல்லாமல் தானாக இறங்கித் தவறி விழுந்துவிட்டான். இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஓடுகிற லைனில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் ஜெயில்; காய்ந்த லைனில் குடிகாரன் விழுந்தால் விபத்து. தெருவில் போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. எல்லா வீட்டிலும் இணைப்பு இல்லை என்றார்கள். பத்தொன்பது வீடு சொன்னது உண்மை. உடம்பை அறுத்துப் பார்த்த ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும் என்றார்கள். அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. என் கடையிலேயே ஒருவன், “தண்ணியப் போட்டுட்டு எறங்குனா இப்படித்தான்” என்றான். அவனை நான் அடிக்காமல் விட்டதே பெரிது. ஆனால் அடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

லிஸ்ட் மறுநாளே ஒட்டிவிட்டார்கள். பதினோராவது பேர் சிவசைலம். போட்டோ ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். அதை என் கல்லாமேல் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, நான் சொல்லிரட்டுமா?” என்று கேட்டான்.

“சொல்லி? போனவன் வருவானாலே? உன் பேரு போவும், கேசு வரும், மவ படிப்பு போவும். கம்முனு கெட” என்றேன்.

கம்மென்று கிடந்தான். தேவதாசன் சார் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் பைப்பைப் பழையபடி மாற்றிவிடச் சொன்னார். சரி என்றான், மாற்றவில்லை. லிஸ்டில் பேர் வந்த பிறகு வேலைக்கு நிறையப் பேர் கூப்பிட்டார்கள். போனான். நாற்காலி போட்டார்கள், நின்றுகொண்டே இருந்தான். கோலிக்குண்டை விட்டுவிட்டுக் கையை ஏந்த மறந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

பலவேசத்தின் மனைவி சந்தனமாரி அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீவலப்பேரியிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து வரிசையில் நின்றாள். நிவாரணம் கேட்டு ஒரு வரி எழுதவில்லை. மனுவில் இருந்தது ஒரே விஷயம்: என் புருசன் குடிகாரன் இல்லை, அதை எழுதிய இடத்தில் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். திரும்பிப் போகும்போது என் கடையைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போவாள். அவளைக் கண்டால் சைலம் பைப் அடுக்குக்குப் பின்னால் போய்விடுவான்.

ஏழாவது திங்களோ எட்டாவது திங்களோ, மனு வேலை செய்தது. விசாரணைக்கு ஒரு அதிகாரி எட்வின் தெருவுக்கே வந்தார். தொட்டியைத் திறக்கச் சொன்னார்; அடியில் சுண்ணாம்புச் சேறுதான் கிடந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. சந்தனமாரி தொட்டி விளிம்பில் நின்றாள். செந்தில்முருகன் பழைய கதையைப் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். அதிகாரியும் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார்.

“சார், லைன் காஞ்சு கெடக்கல” என்று ஒரு குரல். சைலம்.

“தேவதாசன் சார் வீட்டுக் கக்கூசை இதுல நாந்தான் சேத்தேன். அசனத்தன்னைக்கு.”

தேவதாசன் சார் முன்னால் வந்தார். “அபாண்டம். எங்க வீட்டுல செப்டிக் டேங்க் இருக்கு, வந்து பாருங்க. காசு கேட்டான், குடுக்கல, அதான் இப்படிப் பொய் சொல்லுதான்.” பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருசம் கேட்ட குரல் அது. அதிகாரியே அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார். சைலத்தைப் பார்த்து, “என்ன ஆதாரம் இருக்கு?” என்றார்.

ஆதாரம் என் பில் புத்தகத்தில் இருந்தது. நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் பேசியிருப்பேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்கிறேன். நம்பாதீர்கள்.

சைலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தான். வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று குழப்பம் வந்தால் பிளம்பர்கள் இப்படித்தான் நீலம் கலந்து விட்டுப் பார்ப்பார்கள். “இதக் கக்கூசுல ஊத்தி நாலு வாளித் தண்ணி விடச் சொல்லுங்க சார். இங்கன நீலம் வரலேன்னா என்னைய ஜெயில்ல போடுங்க.”

“எங்க வீட்டுக்குள்ள எவனையும் விடமாட்டேன்” என்றார் தேவதாசன் சார். வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அதிகாரி கையைப் பிசைந்தார். கட்டாயப்படுத்த உத்தரவு வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும் என்று ஏதோ சொன்னார். சந்தனமாரி யாரையும் பார்க்காமல் அந்த இருட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சாரின் மனைவி ஞானசௌந்தரி அம்மா உள்ளே இருந்து வந்தார். புருசனைத் தாண்டி இறங்கி, நேரே சைலத்திடம் வந்து, அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார்.

“ஞானம், உள்ள போ” என்றார் சார்.

“உள்ளதான் போறேன்” என்றார் அந்த அம்மா.

வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஊற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடி பிடிக்கிற சத்தம். நாங்கள் தொட்டியைச் சுற்றி நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிசம் போயிற்று. ரெண்டு நிமிசம். ஒன்றும் வரவில்லை. செந்தில்முருகன் லேசாகச் சிரித்தான். அப்புறம், உடைந்த செங்கலுக்கு நடுவிலிருந்து, முதலில் கலங்கலாய் ஒரு ஓட்டம், பின்னாலேயே பளிச்சென்று நீலம் இறங்கியது. பலவேசம் கிடந்த இடத்தில் வந்து தேங்கியது.

சந்தனமாரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார்.

குடிகாரன் என்று எழுதியிருந்ததை மாற்றினார்கள். பின்னால் வந்த ரிப்போர்ட்டும் அவன் உடம்பில் சாராயம் இல்லை, வாயுதான் கொன்றது என்றது. காண்ட்ராக்டர் மேலும் செந்தில்முருகன் மேலும் வழக்கு. சைலம் மேலும் வழக்கு. தேவதாசன் சாருக்கு அபராதத்தோடு போயிற்று. வயது, உடம்பு சரியில்லை, பெரிய மனிதர். இந்த வருச அசனத்திலும் அவர்தான் பந்தி விசாரித்தார் என்று கேள்வி. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லிஸ்டில் பதினோராவது பேரை அடித்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சைலம் ஜாமீனில் வந்து, இப்போது ஒரு செங்கல் சூளையில் கல் ஏற்றுகிறான். குழாய் வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போவதில்லை.

ஜாமீனில் வந்த மறுவாரம், “அண்ணாச்சி, என்னையச் சீவலப்பேரிக்குக் கூட்டிட்டுப் போறியளா?” என்று வந்து நின்றான். அழைத்துப் போனேன். ஆற்றங்கரை வழியாகப் போனோம், தண்ணீர் அடியில் கிடந்தது. வழியில் சொன்னான்: அந்தப் போன் விஷயத்தை அவளிடம் சொல்லப் போகிறான்.

“வேண்டாம்லே” என்றேன். “அது நமக்கும் அந்தச் சூப்பர்வைசருக்குந்தான் தெரியும். அவன் வாயத் தொறக்கமாட்டான். ஆள எறக்குனதே நான் இல்லைன்னு சொல்லுதவன், போன் போட்டேன்னு எப்படிச் சொல்லுவான்? நீ பலவேசம் பேரக் காப்பாத்தியிருக்கே. அதோட விடு.”

வண்டி சீவலப்பேரிக்குள் நுழைந்தது.

சந்தனமாரி எங்களை உட்காரச் சொன்னாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சைலம் உட்காரவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டான். எட்டேகாலுக்குப் போன் வந்தது, கனெக்‌ஷன் இருக்கிறதா என்று கேட்டார்கள், மறுநாள் லிஸ்ட் வரப்போகிறது, அதனால் இல்லை என்றேன். தெரிந்தே சொன்னேன். எறங்கப் போறது பலவேசம்னு தெரியாது. ஆனா யாரோ எறங்குவான்னு தோணியிருக்கணும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். இருபது வருசத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டு நான் தலையைக் குனிந்திருந்தேன்.

“எனக்குத் தெரியும்ணே” என்றாள் சந்தனமாரி.

சைலம் நிமிர்ந்து பார்த்தான்.

“எறங்குததுக்கு முன்னால அவிய எனக்குப் போன் போட்டாவ. பாத்து எறங்குங்க, உள்ள நாத்தம் கீத்தம் இருக்கப்போவுதுன்னேன். ஒண்ணுமில்ல புள்ள, காஞ்சு கெடக்காம், சூப்பர்வைசர் போன ஸ்பீக்கர்ல போட்டாரு, சைலமே சொல்லிட்டான், அவன் கொரல நானே கேட்டேன்னாவ.” சைலத்தை நேராகப் பார்த்தாள். “நீங்க தெரியாமச் சொல்லியிருப்பீயன்னு நெனச்சேன். அதான் ஒரு மனுவுலயும் உங்க பேர எழுதல. நீலத் தண்ணி வந்த அன்னைக்குத்தான் புரிஞ்சுது.”

சைலம் கையைக் கூப்பினான். கீழே விழப் போனான். அவள் ரெண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“வேற ஆளு சொல்லியிருந்தா எறங்கியிருக்க மாட்டாவண்ணே” என்றாள். “கயிறு கேட்டிருப்பாவ.”

செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றோம். அவள் திரும்பி வரவில்லை. நான் சைலத்தின் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.